கறிக்குப் பதில் எதைப் போடுவது: வயிற்றுக்காக எங்கள் வீட்டில் மாற்றிய சமையல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சைவத்துக்கு மாறவில்லை. முட்டை உண்டு, மீன் உண்டு, அவ்வப்போது கோழி உண்டு, தீபாவளிக் காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பும் உண்டு. நான் நிறுத்தியது இரண்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை தாண்டி வாரநாட்களிலும் அடுப்பில் ஏறிக்கொண்டிருந்த மட்டன், அப்புறம் ஃப்ரீசரில் எப்போதும் கிடந்த சாசேஜ், சலாமி பாக்கெட்டுகள். இந்த இரண்டின் இடத்தில் எதைக் கொண்டுவந்தால் வயிறு தேறுகிறது, எதைக் கொண்டுவந்தால் நாக்கு மட்டும் ஏமாறுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் "கறியைக் குறைங்க" என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், குறைத்த இடத்தில் என்ன சமைப்பது என்று உட்கார்ந்து சொல்பவர்கள் குறைவு.

எனக்குச் சொந்த ஊர் மதுரை. கறி எடுக்காத ஞாயிறு எங்கள் வீட்டில் கிடையாது. காலையில் குடல் குழம்பு, மதியம் சுக்கா, கோலா உருண்டை, ராத்திரி மிச்சக் குழம்பை ஊற்றிக் கறிதோசை. சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு அந்த ஞாயிறு வாரம் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் நேரம் இருக்காது, பிரெட்டுக்கு நடுவே சலாமி. பையன் டிபன் பாக்ஸில் வறுத்த சாசேஜ். ராத்திரி வரும் வழியில் மட்டன் பிரியாணி. காய் என்பது தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி. மலச்சிக்கல் ரொம்ப நாளாகவே இருந்தது, மூலம் என்று மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மலத்தில் ரத்தம் வந்ததும் என் மனைவி விடவில்லை. குடல் மருத்துவரிடம் போய், கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்ததில், ஒரு பாலிப் இருந்தது. சின்ன சதை வளர்ச்சி. அப்போதே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் பல வருடம் அப்படியே விட்டால் சிலருக்கு அப்படி மாறக்கூடிய வகை.

இதைப் படிக்கும் யாருக்காவது மலத்தில் ரத்தம் வந்தால், மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதலில் பரிசோதனை, சாப்பாட்டு மாற்றம் எல்லாம் அதற்கு அப்புறம். கொலனோஸ்கோபிக்கு முந்தைய நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் கொஞ்சம் சங்கடம். பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

மருத்துவர் என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. வாரத்துக்கு எத்தனை தடவை மட்டன்? ஒரு நாளைக்கு எவ்வளவு பயறு, காய், கீரை? இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை.

சிவப்பு இறைச்சி என்றால் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆட்டுக்கறியும் அதே கணக்குதான். பதப்படுத்திய இறைச்சி என்பது உப்புப் போட்டோ, புகை காட்டியோ, புளிக்கவைத்தோ, ரசாயனம் சேர்த்தோ நாள்படத் தாங்கும்படி செய்தது. சாசேஜ், சலாமி, ஹாம், பேக்கன் எல்லாம் இதில் வரும். கோழியில் செய்த சாசேஜும் பதப்படுத்தியதுதான், "சிக்கன்தானே" என்று தப்பிக்க முடியாது. அந்த விளக்கப்படி பார்த்தால் நம் ஊர் உப்புக்கண்டமும் இதே வரிசைதான், பாட்டி கையால் செய்தது என்பதால் விதிவிலக்கு இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் ஐஎன்எஸ் 250 என்று போட்டிருந்தால் அது சோடியம் நைட்ரைட். கறிக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் கொடுப்பது அதுதான், குடலுக்குள் போய், புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகக் காரணமாவதும் அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது, அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் உள்ளவை. சிவப்பு இறைச்சியை அதற்கு அடுத்த 2ஏ பிரிவில், அதாவது அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று கணக்குச் சொன்னார்கள். இதை வாட்ஸ்அப்பில் 100 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் என்று பரப்புகிறார்கள், அது தவறு. ஏற்கெனவே இருக்கும் அபாயம் எவ்வளவோ, அதில் 18 சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான். புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் சலாமியும் சிகரெட்டும் ஒன்று என்பதும் தவறு. பிரிவு என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, அளவு தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிவப்பு இறைச்சிக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம், பதப்படுத்தியதை முடிந்தவரை தொடவே வேண்டாம். பிரியாணியில் வருவதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டில் அந்த எல்லையைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது.

ஆனால் இதைவிட என்னை யோசிக்க வைத்த விஷயம் வேறு. கறியில் நார்ச்சத்து கிராம் கூடக் கிடையாது, பூஜ்யம். பெருங்குடலில் இருக்கும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு நாம் செரிக்க முடியாமல் அனுப்பும் நார்ச்சத்துதான். அதைப் புளிக்கவைத்து அவை ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான், வீக்கத்தையும் அது குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன அளவு பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து. பிரெட், சலாமி, பிரியாணி என்று போன என் நாள் ஒன்றில் அதில் பாதி வந்திருந்தாலே பெரிது.

2015இல் வந்த ஒரு ஆய்வை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வாழும் கறுப்பினத்தவர் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்தினர் 20 பேர். இரண்டு வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும் அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். கறியும் கொழுப்பும் குறைந்து நார்ச்சத்து 50 கிராமுக்கு மேல் போன அமெரிக்கர்களுக்குக் குடல் சுவரின் வீக்க அடையாளங்கள் குறைந்தன, ப்யூட்டிரேட் உற்பத்தி கூடியது. கறியும் பொரித்ததும் சாப்பிட்ட ஆப்பிரிக்கர்களுக்கு நேர் எதிராக நடந்தது. வெறும் இரண்டே வாரத்தில்! குடல் இவ்வளவு சீக்கிரம் மாறும் என்றால் முயற்சி செய்ய வருடக் கணக்கில் வைராக்கியம் தேவையில்லை, நல்ல சமையல் இருந்தால் போதும் என்று எனக்கு அப்போது பட்டது.

அதனால் கறிக்கு மாற்று தேடும்போது "இது கறி மாதிரி இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள், "இது கூடவே நார்ச்சத்து கொண்டுவருகிறதா" என்றும் கேளுங்கள். மட்டனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பனீரைப் போட்டால் நார்ச்சத்துக் கணக்கில் ஒரு லாபமும் இல்லை, பனீரிலும் அது இல்லை. கறியை நிறுத்திவிட்டு வெறும் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுவதும் அதே கதைதான். கறி போன இடத்தில் பயறு வர வேண்டும்.

தொடங்குவதற்குப் புரட்டாசி நல்ல மாதம். நம் ஊரில் பாதி வீடுகளில் அந்த மாதம் கறி கிடையாது, காய்கறிக் கடையில் காளானும் மீல்மேக்கரும் குவிந்து கிடக்கும், வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நாங்களும் புரட்டாசியில்தான் தொடங்கினோம், மாதம் முடிந்ததும் பழையபடி போகவில்லை, அவ்வளவுதான்.

இனி சமையல். முதலில் மீல்மேக்கர், ஏனென்றால் மலிவு, எல்லாக் கடையிலும் இருக்கும், சரியாகச் செய்யாவிட்டால் வெறுத்துப்போகும். எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது இது. உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதமும் 13 கிராம் நார்ச்சத்தும் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், ஆளுக்கு 30 கிராம் எடுத்தால் போதும், ஊறினால் பெருகிவிடும். பலருக்கு இது பிடிக்காமல் போகக் காரணம் அந்தப் பச்சை சோயா வாசனை. கொதிக்கும் நீரில் உப்புப் போட்டு, பத்து நிமிடம் மீல்மேக்கரைப் போட்டு வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஒட்டப் பிழியுங்கள். மறுபடி அலசி மறுபடி பிழியுங்கள். பிழிந்த தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். அப்புறம் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிரட்டி அரைமணி நேரம் ஊறவையுங்கள், பிழிந்து காய்ந்த பஞ்சு மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழம்பில் போடுவதற்கு முன் நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்குங்கள். இந்த வதக்கலை விட்டுவிட்டால் குழம்பில் சொதசொதவென்று மிதக்கும்.

குழம்புக்கு மட்டன் மசாலா அப்படியே. சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி, மிளகு, சின்ன வெங்காயம் தாராளமாக, தேங்காயோடு கொஞ்சம் கசகசா. கறிக்குழம்பின் வாசனையில் பெரும்பங்கு கல்பாசிக்கும் வதங்கிய சின்ன வெங்காயத்துக்கும் சொந்தம் என்பது கறி இல்லாமல் சமைத்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. எலும்புச் சாற்றின் கனம் மட்டும் குறையும். அதற்கு ஒரு கைப்பிடி வேகவைத்த மொச்சையை மசித்துக் குழம்பில் கலந்துவிடுவேன், திக்காகவும் வரும், நார்ச்சத்தும் சேரும்.

மொச்சை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மொச்சையை ராத்திரி ஊறவைத்து, கறி மசாலாவில் கத்தரிக்காயோடு குழம்பு வைத்தால், என் அனுபவத்தில் கறிக்குழம்புக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது வேறு எதுவும் இல்லை. தோலை உரிக்காதீர்கள், நார்ச்சத்து நிறைய அங்கேதான். கறுப்புக் கொண்டைக்கடலையும் அப்படித்தான், சுக்கா மசாலாவில் மிளகு தூக்கலாகப் போட்டு வறட்டி எடுத்தால் சாதத்துக்கும் நிற்கும், தோசைக்கும் நிற்கும். இவையெல்லாம் நம் பாட்டிமார் சமைத்தவை. மாற்று இறைச்சி என்றதும் வெளிநாட்டுப் பாக்கெட்டைத் தேடி ஓடுவதற்கு முன் பலசரக்குக் கடையின் பயறு மூட்டைகளைப் பாருங்கள்.

கோலா உருண்டைக்குக் கொத்துக்கறி வேண்டாம். பிழிந்த மீல்மேக்கரை மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் விட்டு, பொட்டுக்கடலை மாவு, துருவிய தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய், இஞ்சி பூண்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்து உருட்டி, பணியாரக் கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். வாழைப்பூ கிடைத்தால் பாதிக்குப் பாதி சேருங்கள், இன்னும் நன்றாக இருக்கும். என் பையன் சாசேஜை மறந்தது இதனால்தான். டிபன் பாக்ஸில் இப்போது இதுதான் போகிறது. காலை பிரெட்டுக்குப் பதில் பாசிப்பயறு தோசை, அல்லது முட்டையும் கொஞ்சம் சுண்டலும்.

காளானில் சிப்பிக் காளான் எடுங்கள், கையால் நாராகக் கிழித்தால் கறி போலவே பிரியும். எண்ணெய் ஊற்றாமல் சூடான கல்லில் போட்டு அதன் தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் எண்ணெயும் மசாலாவும். புரதம் அதில் குறைவு, அதனால் காளான் வைக்கும் நாளில் கூட ஒரு பருப்போ சுண்டலோ இருக்க வேண்டும். பலாக்காயும் அப்படியே: பிரியாணிக்கு அருமை, நார்ச்சத்து உண்டு, புரதம் சொற்பம். டோஃபுவை நான் அதிகம் வாங்குவதில்லை, எங்கள் மசாலாவோடு அது சேரவில்லை.

கடையில் உறைநிலையில் விற்கும் "தாவரக் கறி" பாக்கெட்டுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை எட்டு வாரம் கறி, எட்டு வாரம் தாவரக் கறி என்று சாப்பிட வைத்துப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. கெட்ட கொழுப்பும், கறியிலிருந்து குடல் பாக்டீரியா வழியாக உண்டாகி இதயத்துக்கு ஆகாதது என்று சந்தேகிக்கப்படும் டிஎம்ஏஓ என்ற பொருளும் தாவரக் கறி சாப்பிட்ட காலத்தில் குறைந்திருந்தன. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தாவரக் கறி விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கிடைக்கும் மைக்கோபுரோட்டீன் என்ற பூஞ்சைப் புரதத்தில் நார்ச்சத்தும் இருக்கிறது, ஆனால் நம் தெருக் கடையில் அது கிடைக்காது. இங்கே கிடைக்கும் பாக்கெட்டுகளை வாங்கினால் பின்பக்கம் மூன்று எண்களைப் பாருங்கள்: 100 கிராமுக்குச் சோடியம் எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவு. உப்பு சாசேஜ் அளவுக்கே இருந்து நார்ச்சத்து இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விருந்தாளி வரும் நாளில் வாங்கலாம், தினசரிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, வாயுத் தொல்லைக்கு வருவோம். பயறு சாப்பிடத் தொடங்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே விடுவது இதனால்தான். எனக்கும் வயிறு உப்பியது, ஆபீஸில் உட்கார முடியாத அளவுக்கு. பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு, அவற்றைச் செரிக்கும் நொதி நம் உடம்பில் இல்லை, நேராகப் பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியா புளிக்கவைப்பதால் வாயு வருகிறது. இதற்கு வழி இருக்கிறது. எட்டு பத்து மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் குறையும். குழைய வேகவேண்டும், நறுக்கென்று இருந்தால் வயிறு கேட்காது. முதல் வாரம் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் எனக்கு உப்புசம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. தண்ணீர் மிக முக்கியம். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் அதிகமாகும்.

ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் இதை அப்படியே பின்பற்றாதீர்கள், பயறும் சில காளான்களும் அவர்களுக்கு வலியைக் கூட்டலாம், உணவியலாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும் புரத அளவை மருத்துவரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம். என் மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், மாத்திரை விடியற்காலை வெறும் வயிற்றில், மீல்மேக்கர் மதியம்தான் என்று வைத்திருக்கிறோம்.

கறியைக் குறைத்தால் போகும் சத்துகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பி12, இரும்பு, துத்தநாகம். பி12 தாவரத்தில் கிடையாது, எங்களுக்கு முட்டை, மத்தி மீன், தயிர் அதைப் பார்த்துக்கொள்கின்றன. முழு சைவமாக மாறுபவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து தேவைப்பட்டால் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். பயறில் உள்ள இரும்பு கறியில் உள்ளதைப் போல எளிதாக உடம்பில் சேராது, ஆனால் சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் வைட்டமின் சி துணையால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது கெடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்கள் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

வீட்டில் பெரியவர்களைச் சமாளிப்பதுதான் உண்மையில் கடினம். அம்மா ஊரிலிருந்து வந்த முதல் ஞாயிறு, "ஏப்பா, கறி எடுக்கப் போகலையா? பிள்ளை உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார்கள். வாதம் செய்யவில்லை, மொச்சைக் குழம்பை வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இது எங்க ஆத்தா வைக்கிற குழம்புல்ல, அப்பல்லாம் கறி நாள் கிழமைக்குத்தான்" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்கள். வாரத்தில் பல நாள் கறி என்பது எங்கள் குடும்பத்திலேயே ஒரு தலைமுறைப் பழக்கம்தான் என்பது அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மாத்திரை இல்லாமல் காலையில் வயிறு சுத்தமாகிறது, மதியம் வரும் நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது, மூலத் தொந்தரவு அடங்கியிருக்கிறது. பாலிப் திரும்ப வராது என்று யாரும் எனக்கு உறுதி கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது, அதனால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடி கொலனோஸ்கோபி செய்துகொள்வேன். கல்யாண வீட்டில் மட்டன் பிரியாணி போட்டால் சாப்பிடுகிறேன், இரண்டு துண்டு, கூட நிறைய வெங்காயப் பச்சடி. மறுநாள் வீட்டில் கொண்டைக்கடலை ஊறியிருக்கும்.